பிரைமர் தேர்வு: தோட்டாவின் அடியில் இருக்கும் பொட்டு

தீபாவளிக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் கேப் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டு வெடியைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. அடியில் கெட்டியான தகடு, மேலே சுத்தி, இரண்டுக்கும் நடுவில் நசுங்கினால்தான் ‘பட்’. துப்பாக்கித் தோட்டாவின் அடியில் நட்டநடுவே வட்டமாகத் தெரிகிறதே, அந்தப் பிரைமர் செய்வதும் இதே வேலைதான். ஃபயரிங் பின் அதன் முதுகில் குத்துகிறது. உள்ளே இருக்கும் மருந்து, பிரைமரின் உலோகக் கிண்ணத்துக்கும் ‘ஆன்வில்’ என்கிற கால் வைத்த சின்னத் தகட்டுக்கும் நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. அந்தத் தீ, கூட்டின் அடித்துளை வழியாகப் பாய்ந்து பவுடரைப் பற்றவைக்கிறது.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வீட்டிலேயே மறுபடி நிரப்பிச் சுடுவது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு. ரீலோடிங் என்பார்கள். தோட்டாவுக்கு நான்கு பாகம்: கூடு, பிரைமர், பவுடர், குண்டு. கூடு மட்டும்தான் திரும்பத் திரும்ப உழைக்கும், மற்ற மூன்றும் ஒவ்வொரு முறையும் புதிது. புதிதாக இறங்குகிறவர்கள் பவுடரையும் குண்டையும் பற்றி மணிக்கணக்கில் படித்துவிட்டு, பிரைமர் மட்டும் கடையில் எது கிடைத்ததோ அதை வாங்கி வருவார்கள். தீக்குச்சிக்குத் தீக்குச்சி என்ன வித்தியாசம் என்ற நினைப்பு. இங்கே தீக்குச்சியும் சமையல் குறிப்பில் ஒரு பொருள். அதை மாற்றினால் குழம்பு மாறும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் இது வீட்டுப் பொழுதுபோக்கு அல்ல. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டா என்பதற்குள் அதன் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் சேர்த்தே வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தொட்டால் குற்றம். அமெரிக்காவிலும், சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை என்றாலும், விற்பதற்கு நிரப்பினால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கூட்டுக்குள் எட்டிப்பாருங்கள்

பிரைமரில் இரண்டு வம்சம் உண்டு, இரண்டுமே 1866-ல் காப்புரிமை பெற்றவை. ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கர் ஆன்விலைக் கூட்டிலேயே அமைத்தார். அதன் இருபுறமும் இரண்டு சின்னத் துளைகள். எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் ஆன்விலைப் பிரைமருக்குள் வைத்தார்; கூட்டில் நடுவே ஒரே துளை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் ஊன்றியது, ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நிலைத்தது.

வீட்டில் நிரப்புகிறவருக்குப் பாக்ஸர்தான் வசதி. நடுத்துளை வழியாக ஒரு ஊசியை இறக்கினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும். பெர்டன் கூட்டில் அதே ஊசியை இறக்கினால் ஆன்விலில் மோதி ஊசி வளையும் அல்லது முறியும். அதனால் பொறுக்கிய கூடுகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை என்றால் வைத்துக்கொள்ளலாம். ஓரமாக இரண்டு என்றால் பழைய பித்தளைக்காரரிடம் போகட்டும். இனி வருவதெல்லாம் பாக்ஸர் பற்றித்தான்.

அளவு இரண்டு, வகை நான்கு

வழக்கமான விட்டம் இரண்டே இரண்டு. சின்னது 0.175 அங்குலம், சுமார் 4.45 மிமீ. பெரியது 0.210 அங்குலம், சுமார் 5.33 மிமீ. ஒவ்வொன்றிலும் பிஸ்டலுக்கு ஒன்று, ரைஃபிளுக்கு ஒன்று. ஆக ஸ்மால் பிஸ்டல், லார்ஜ் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள், லார்ஜ் ரைஃபிள். 9 மிமீ லூகர், .38 ஸ்பெஷல், .357 மேக்னம் ஆகியவற்றுக்கு ஸ்மால் பிஸ்டல். .44 மேக்னத்துக்கு லார்ஜ் பிஸ்டல். .223 ரெமிங்டனுக்கு ஸ்மால் ரைஃபிள். .308 வின்செஸ்டர், .30-06 இரண்டுக்கும் லார்ஜ் ரைஃபிள். ஷாட்கன் தோட்டாவுக்கு 209 என்ற வேறு சாதி, அதை இங்கே கலக்க வேண்டாம்.

பிஸ்டலுக்கும் ரைஃபிளுக்கும் விட்டம் ஒன்றாக இருக்கும்போது ஏன் இரண்டு வகை? காரணம் கிண்ணத்தின் தடிமன். .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 மிமீ-க்கு 35,000. .223-க்கு 55,000, .308-க்கு 62,000. அந்த அழுத்தம் முழுக்கப் பிரைமரின் முதுகைப் பின்னால் தள்ளும். ஸ்மால் பிஸ்டல் கிண்ணம் சுமார் 0.017 அங்குலம், ரைஃபிள் கிண்ணங்கள் 0.020 முதல் 0.027 வரை. பிஸ்டல் பிரைமரை .223-ல் போட்டால், ஃபயரிங் பின் குத்திய இடத்தில் ஓட்டை விழுந்து சூடான வாயு போல்ட்டுக்குள், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் பாகத்துக்குள் பாயும். ஃபயரிங் பின்னின் நுனி அரிக்கும், போகப்போகப் போல்ட் முகத்தில் பள்ளம் விழும். அந்த வாயு வெளியேறும் திசையில் இருப்பது சுடுகிறவரின் கண்.

பெரிய அளவில் இன்னொரு சிக்கல் சேர்கிறது: உயரம். லார்ஜ் ரைஃபிள் பிரைமர், லார்ஜ் பிஸ்டலைவிட ஏறத்தாழ 0.2 மிமீ உயரம். அதை .44 மேக்னம் கூட்டில் வைத்தால் அடியைத் தாண்டி வெளியே துருத்தும். ரிவால்வரின் உருளை சுற்றாது, அல்லது மூடும்போதே இடிபடும். மாற்றிப் போட்டால், அதாவது பிஸ்டல் பிரைமரை ரைஃபிள் கூட்டில் வைத்தால், உள்ளே ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பின் எட்டாது, அல்லது எட்டினாலும் கிண்ணம் கிழியும்.

சின்ன அளவில் உயரமும் ஒன்றுதான். அதனால்தான் போட்டிகளுக்குச் சுடும் சிலர் 9 மிமீ-யில் ஸ்மால் ரைஃபிள் பிரைமர் போடுகிறார்கள். ஆனால் கிண்ணம் கெட்டி என்பதால், ஸ்பிரிங் இளக்கிய துப்பாக்கியில் குத்து போதாமல் வெடிக்காமல் போகலாம். புதியவர் இதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இந்த விதிக்கு அடங்காதவையும் சில உண்டு. .454 கசூல் ரிவால்வர் தோட்டாதான், ஆனால் 65,000 பிஎஸ்ஐ வரை போவதால் அதற்கு ஸ்மால் ரைஃபிள் பிரைமர். 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு முதலில் பெரிய பிரைமர். பிறகு லாபுவா என்ற கம்பெனி சின்ன பிரைமருக்கான கூட்டையும் கொண்டுவந்தது. அதன் தீத்துளையும் சின்னது, 1.5 மிமீ. வழக்கமான துளை சுமார் 2 மிமீ. சாதாரண ஊசியை அதில் இறக்கினால் சிக்கிக்கொண்டு கூட்டோடு கூடவே வரும். மெல்லிய ஊசி தனியாக வாங்க வேண்டும்.

அதிகம் பேரைப் படுத்துவது .45 ஏசிபி. காலங்காலமாக லார்ஜ் பிஸ்டல்தான். இப்போது சில தொழிற்சாலைகள் அதே தோட்டாவைச் சின்னப் பிரைமரோடு விடுகின்றன. சுடுதளத்தில் பொறுக்கிய கூட்டுக் குவியலில் இரண்டும் கலந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. லீவரை இழுக்க இழுக்கத் தோட்டா வந்து விழுகிற புரோகிரசிவ் பிரஸ்ஸில், பெரிய பிரைமர் வரிசையில் நிற்கும்போது சின்னக் குழி உள்ள கூடு ஒன்று வந்துவிட்டால் லீவர் திடீரென்று தடைபடும். அந்த நேரத்தில் ‘இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம்’ என்பவர்தான் பிரைமரை நசுக்கி வெடிக்க வைப்பவர். தடை தெரிந்தால் கையை எடுங்கள். அதைவிட நல்லது, உட்காரும் முன்பே கூடுகளைக் கவிழ்த்து வைத்து இரண்டு குவியலாகப் பிரித்துவிடுவது.

எண்ணை நம்பி வாங்காதீர்கள்

ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்திருக்கிறது. சிசிஐ 200 என்றால் லார்ஜ் ரைஃபிள். ஃபெடரல் 200 என்றால் ஸ்மால் பிஸ்டல் மேக்னம். கடையில் ‘200 குடுங்க’ என்று கேட்டால் என்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிசிஐ-யில் ஸ்மால் பிஸ்டல் 500, லார்ஜ் பிஸ்டல் 300, ஸ்மால் ரைஃபிள் 400. ஃபெடரலில் இவையே 100, 150, 205. ரெமிங்டனில் அரைக் கணக்கு: ஒன்றரை, இரண்டரை, ஏழரை, ஒன்பதரை. வின்செஸ்டர் மட்டும் கருணை காட்டி டபிள்யூஎஸ்பி, டபிள்யூஎல்ஆர் என்று வகையின் முதலெழுத்துகளையே பெயராக வைத்திருக்கிறது.

ரெமிங்டனில் ஆறரைக்கும் ஏழரைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுமே ஸ்மால் ரைஃபிள். ஆறரையின் கிண்ணம் மெல்லியது, .22 ஹார்னெட் போன்ற மிதமான தோட்டாவுக்கானது. .223-க்கு ஏழரை. டப்பாவில் ஸ்மால் ரைஃபிள் என்று போட்டிருக்கிறதே என்று ஆறரையை .223-ல் போட்டால் மேலே சொன்ன ஓட்டைக் கதைதான். சிசிஐ-யிலும் அப்படியே. 400-இன் கிண்ணம் 0.020 அங்குலம், அதே ஸ்மால் ரைஃபிள் அளவில் வரும் 450-க்கும் 41-க்கும் 0.025.

சாதாரணமா, மேக்னமா?

பெயரில் மேக்னம் இருக்கும் தோட்டாவுக்கெல்லாம் மேக்னம் பிரைமர் என்று நினைப்பது பொதுவான தவறு. மேக்னம் பிரைமர் என்பது கூடுதல் சூடும் நீளமான தீயும் தருவது. அது தேவையா என்பதைத் தீர்மானிப்பது தோட்டாவின் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் பவுடர். .357 மேக்னத்தில் சீக்கிரம் எரியும் பவுடரைக் கொஞ்சமாகப் போட்டால் சாதாரணப் பிரைமரே போதும். பற்றிக்கொள்ளச் சோம்பல்படும் உருண்டைப் பவுடர்கள், கூடு நிறையக் கொட்டும் மெதுவான ரைஃபிள் பவுடர்கள், உறைபனிக் குளிரில் வேட்டைக்குப் போவது ஆகிய இடங்களில்தான் மேக்னம் தன் கூலிக்கு உழைக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் ஹெச் 110 என்ற பவுடர். வின்செஸ்டர் 296 என்ற பெயரிலும் அதுவேதான் விற்கிறது. .44 மேக்னத்துக்குப் பிரியமான பவுடர் இது. மேக்னம் பிரைமர் கேட்கும், அளவையும் குறைக்கவிடாது. மற்றப் பவுடர்களில் ‘உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு’ என்பது பாலபாடம். இதில் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்கிறது அதை விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனி. குறைத்தால் பவுடர் அரைகுறையாக எரிந்து, குண்டு குழலிலேயே நின்றுவிடக்கூடும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

இதோடு அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது: நிரப்பும் அளவுகள் போட்ட கையேட்டில் சொன்ன பிரைமர் கிடைக்கவில்லை, அதே வகையில் வேறு கம்பெனி இருக்கிறது, போடலாமா? போடலாம், ஆனால் பவுடர் அளவை 10 சதவீதம் இறக்கி மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். உச்சத்தை ஒட்டி நிரப்பிய தோட்டாவில் அந்த மாற்றம் எல்லையைத் தாண்ட வைக்கலாம். ஹெச் 110 போல இறக்கவே முடியாத பவுடர் என்றால் கையேட்டில் உள்ள பிரைமர் கிடைக்கும்வரை காத்திருங்கள். அந்த இடத்தில் சாமர்த்தியம் காட்ட வேண்டாம்.

கெட்டியும் மென்மையும்

ஒரே வகைக்குள்ளும் சில பிரைமர் தொட்டால் சிணுங்கி, சில கல். ஃபெடரல் மென்மைக்குப் பெயர் போனது. டிரிக்கரை இளக்கிய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அதைத் தேடிப் போவது அதனால்தான். சுத்தியல் லேசாக விழுந்தாலும் வெடிக்கும். சிசிஐ கொஞ்சம் கெட்டி. ஃபெடரல் டப்பா மற்றவற்றைவிடப் பெரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்: பிரைமர்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு அடுக்கியிருப்பார்கள். சில பிரைமிங் கருவிகளோடு வரும் தாளில், இந்தக் கருவியில் எந்தப் பிராண்ட் போடலாம், எது கூடாது என்று எழுதியிருக்கும். தூக்கிப் போடாமல் படியுங்கள்.

அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் மென்மை ஆபத்து. ஏஆர்-15, எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்றவற்றில் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் இருக்காது (சில எஸ்கேஎஸ்-களில் மட்டும் உண்டு). போல்ட் முன்னால் போய் அறையும்போது பின் தன் வேகத்தில் லேசாகப் பிரைமரைத் தட்டும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரில் அந்தச் சின்னப் புள்ளி தெரியும். மென்மையான பிரைமரோ துருத்திக்கொண்டிருக்கும் பிரைமரோ இருந்தால், டிரிக்கரைத் தொடாமலே வெடித்துவிடும். இதற்காகவே ராணுவத் தரத்தில் சிசிஐ 41 (சின்னது), 34 (பெரியது) என்று தனியாக உண்டு.

பென்ச்ரெஸ்ட், மேட்ச் என்று விலை கூடுதலாக விற்பவை ஒன்றுக்கொன்று அதிக வேறுபாடு இல்லாமல் பொறுக்கித் தயாரித்தவை. 25 கெஜத்தில் பிஸ்டல் சுடுகிறவருக்கு அந்தக் காசு வீண்.

குழியும் உட்காரும் விதமும்

எவ்வளவு நல்ல பிரைமரும் குழியில் சரியாக உட்காராவிட்டால் வேலை செய்யாது. பழைய பிரைமரைத் தள்ளியதும் குழியின் அடியில் படிந்த கரியைச் சுரண்டுங்கள். ராணுவக் கூடு என்றால் குழியின் விளிம்பைப் பாருங்கள்: 5.56, 7.62 நேட்டோ கூடுகளில் பிரைமர் கழன்று விழாமலிருக்க விளிம்பை உள்நோக்கி அழுத்தி மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை ஸ்வேஜ் கருவியால் அகட்ட வேண்டும் அல்லது ரீமரால் சீவ வேண்டும். சீவும்போது ஆசை கூடாது. அதிகம் சீவினால் குழி தளர்ந்து அந்தக் கூடே போச்சு.

கைப்பிடிக் கருவியால் பிரைமரை ஏற்றுவது தொடங்குகிறவருக்கு நல்லது, விரலுக்குப் பாடம் புரியும். முதலில் வழுக்கிக்கொண்டு ஏறும் ஒரே சீரான உரசல். பிறகு ஆன்விலின் கால்கள் அடியைத் தொட்டதும் சட்டென்று ஒரு நிறுத்தம். அதற்குமேல் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவுதான். பிறகு ஆள்காட்டி விரலால் கூட்டின் அடியைத் தடவுங்கள். பிரைமர் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும், ஒரு ஏ4 தாளின் தடிமன் அளவு. விரலுக்கு அந்த இறக்கம் தெரியும். சந்தேகமாக இருந்தால் கூட்டைக் கண்ணாடிப் பலகையில் நிறுத்திப் பாருங்கள். ஆடினால் பிரைமர் துருத்துகிறது. உரசலே இல்லாமல் வழவழவென்று உள்ளே போய்விட்டால் குழி அகன்றுவிட்டது, கூட்டை எறிந்துவிடுங்கள். ஏற்றும் முன் ஒவ்வொரு பிரைமரிலும் ஆன்வில் இருக்கிறதா என்று பார்ப்பதும் பழகிவிட்டால் நேரம் பிடிக்காது. அபூர்வமாக ஆன்வில் இல்லாத மொட்டைக் கிண்ணம் ஒன்று வந்து சேரும்.

வெடிக்காத தோட்டாவுக்கு முதல் சந்தேகம் இந்த உட்காரலின் மேல்தான். இரண்டாவது குத்தில் வெடித்ததா? அப்படியானால் பிரைமர் அடிவரை போகவில்லை. முதல் குத்து அதை உள்ளே தள்ளுவதில் செலவாகிவிட்டது, இரண்டாவது வெடிக்க வைத்தது. பிரைமரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘டிக்’ என்று மட்டும் கேட்டு வெடிக்காவிட்டால், குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி எண்ணிவிட்டு எடுங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் உண்டு.

சுட்ட பிறகு பிரைமர் சொல்வது

சுட்ட கூட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பிரைமரின் ஓரம் வட்டமாகவே இருந்தால் நிம்மதி. இஸ்திரி போட்டது மாதிரி தட்டையாகி, ஓரம் குழியின் விளிம்புவரை பரவியிருந்தால் அழுத்தம் ஏறுகிறது. பின் குத்திய பள்ளத்தைச் சுற்றி வரப்பு எழுந்திருந்தால் அழுத்தமாகவும் இருக்கலாம், போல்ட்டில் பின் வரும் துளை அகலமாகவும் இருக்கலாம். அதே துப்பாக்கியில் கடைத் தோட்டா சுட்டபோதும் வரப்பு வந்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்திருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

பிரைமர் வெளியே துருத்தி நிற்பது பலரைப் பயமுறுத்தும். பெரும்பாலும் அது குறைந்த அழுத்தத்தின் அடையாளம். வெடிக்கும்போது பிரைமர் முதலில் பின்னால் தள்ளப்படும். பிறகு அழுத்தம் ஏறிக் கூடும் பின்னால் வந்து அதை மறுபடி குழிக்குள் அமர்த்தும். அழுத்தம் போதாவிட்டால் இந்த இரண்டாம் பாதி நடக்காது. கூட்டுக்கும், துப்பாக்கியில் அது உட்காரும் அறைக்கும் நடுவே இடைவெளி அதிகமானாலும் இப்படி ஆகும்.

வாங்குவதும் வைப்பதும்

பிரைமர் ஒரு தட்டுக்கு 100, டப்பாவுக்கு 1,000 என்று வரும். 2020-க்கு முன் ஆயிரம் 30, 40 டாலருக்குக் கிடைத்தது. கொரோனா காலத் தட்டுப்பாட்டில் மறுவிற்பனையில் 100 டாலரைத் தாண்டிப் போனது. ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் என்று பார்சலுக்கு ஒரு தொகை தனியாகப் போடுவார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது அதனால்தான்.

ஒருபோதும் பிரைமர்களைக் கண்ணாடிப் பாட்டிலிலோ டப்பாவிலோ கொட்டி வைக்காதீர்கள். தட்டில் தனித்தனியாக இருக்கும் வரை ஒன்று வெடித்தால் ஒன்றோடு போக வாய்ப்புண்டு. குவியலாக இருந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெடிக்கும், பாட்டில் கண்ணாடிச் சிதறலாகும். வீட்டில் 10,000 வரைதான் என்பது அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி. பவுடரோடு சேர்க்காமல், ஈரமில்லாத, சூடில்லாத அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எண்ணெய் பட்டால் பிரைமர் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் வேண்டாததை எண்ணெயில் போடுகிறவர்கள் உண்டு. செத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதையும் உயிருள்ளதாகவே கையாளுங்கள்.

பிரைமர் ஏற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது கட்டாயம். மருந்தில் ஈயச் சேர்மம் இருப்பதால், மேஜையில் சாப்பாடு, காபி கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூடுகளைச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தின் தூசியில்தான் ஈயம் அதிகம், அதை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாக்களில் பொட்டாசியம் குளோரேட் மருந்து இருக்கக்கூடும். சுட்ட பிறகு அது குழலில் உப்பாகப் படிந்து துருவைக் கூப்பிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீர், பிறகு எண்ணெய்.

தோட்டாக்களைப் போட்டு வைக்கும் பெட்டியில் ஒட்டும் சீட்டில் பவுடர், குண்டு, அளவு எல்லாம் எழுதுவார்கள். பிரைமரை மட்டும் விட்டுவிடுவார்கள். பிராண்ட், எண், டப்பாவில் அச்சடித்த லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மூன்றையும் எழுதுங்கள். புது லாட் திறந்தால் முதல் பத்துத் தோட்டாவைத் தனியாக நிரப்பிச் சுட்டு, பழையவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.